கடலோர ஊரில் இருந்துகொண்டே போட்டோஷாப், கோரல்டிரா கற்றுக்கொள்ள முடியுமா?

கேள்வியில் கேட்டிருப்பது இதுதான்: ராமநாதபுரம் மாவட்டத்தில் கடற்கரை ஓர ஊர், பக்கத்தில் நல்ல பயிற்சி மையம் இல்லை, மதுரையில் ரூம் எடுத்துப் படிக்க வசதி இல்லை, யூட்யூப் மட்டும் பார்த்துக் கற்றுக்கொண்டால் போதுமா?

மதுரைக்குப் போக வேண்டாம். யூட்யூப் மட்டும் போதாது. எங்கள் கீழக்கரைப் பக்கம் நாங்கள் கற்றுக்கொண்ட வழி வேறு. ஏற்கெனவே இந்த டிசைன் வேலையில் சோறு தின்பவர்களோடு மாதத்துக்கு ஒருமுறை சேர்ந்து உட்காருவோம், அவ்வளவுதான்.

போர்டும் கிடையாது, கட்டணமும் கிடையாது. ஃப்ளெக்ஸ் கடை வைத்திருப்பவர், ஸ்டூடியோ காக்கா (எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்போம்) ஒருவர், அச்சகத்தில் டிடிபி (கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கும் வேலை) பார்க்கும் அக்கா, ஒரு காலத்தில் சுவர் விளம்பரம் எழுதிய பெயிண்டர் அண்ணன், அப்புறம் பாலிடெக்னிக் பையன்கள் சிலர். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குச் சாத்தும் கடையை அஸர் (பிற்பகல் தொழுகை) வரைக்கும் திறக்க மாட்டார்கள். அந்த இடைவெளியில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்காருவோம்.

விதி ஒன்றே ஒன்று: ஜேபெக் (முடிந்த ஒற்றைப் படம்) கொண்டுவரக் கூடாது, லேயரோடு, அதாவது படம் அடுக்கடுக்காகப் பிரிந்திருக்கும் ஃபைலைக் கொண்டுவர வேண்டும். முடிந்த படத்தைப் பார்த்தால் 'நல்லாருக்கு' என்று சொல்லத்தான் முடியும். லேயர் பேனலைத் திறந்தால்தான் ஆள் எப்படி யோசித்திருக்கிறார் என்று தெரியும். எரேசர் வைத்து அழித்தவன் யார், மாஸ்க் போட்டு, அதாவது அழிக்காமல் மூடி, மறைத்தவன் யார் என்பது அங்கே தெரிந்துவிடும். அழித்தது அழித்ததுதான், மாஸ்க் போட்டிருந்தால், 'மாப்பிள்ளை தோள் கொஞ்சம் வெட்டுப்பட்டிருக்கே' என்று கஸ்டமர் சொல்லும்போது வெள்ளை பிரஷ்ஷால் தடவித் தோளைத் திரும்பக் கொண்டுவரலாம். இதை எந்த வீடியோவும் சொல்லும். ஆனால் நம் ஃபைலை நாலு பேர் முன்னால் திறந்து காட்ட வேண்டும் என்றாலே, ஒருவரும் எரேசர் பக்கம் போவதில்லை.

வீடியோவில் கிடைக்காதது தமிழ் எழுத்து விவகாரம். போட்டோஷாப்பில் யூனிகோடு தமிழை (போனிலும் இணையத்திலும் அடிக்கிற தமிழ்) ஒட்டினால் சில சமயம் 'கொ' உடைந்து, கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கமாக நிற்கும். ஃபாண்டைக் குறை சொல்லி வேறு வேறு ஃபாண்டாக மாற்றிக்கொண்டிருப்பார்கள். பிரச்சினை ஃபாண்டில் இல்லை. பிரிஃபரன்ஸில் டைப் என்ற பகுதிக்குப் போய், புதிய பதிப்பு என்றால் 'வேர்ல்டு ரெடி லேஅவுட்', கொஞ்சம் பழையது என்றால் 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்' என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் புது ஃபைல் தொடங்க வேண்டும். கொம்பு தானாக முன்னால் வந்து உட்காரும்.

ஆனால் நம் பக்கக் கடைகளில் 2002-இல் வந்த போட்டோஷாப் 7 இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் இந்த வசதியே இல்லை. அதனால்தான் பாமினி, செந்தமிழ் மாதிரி பழைய ஃபாண்டுகளை யாரும் விடவில்லை. அவற்றில் இருப்பது உண்மையில் ஆங்கில எழுத்தின் இடத்தில் வரைந்து வைத்த தமிழ் உருவம். அந்த ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டரில் ஃபைலைத் திறந்தால் 'அம்மா' என்பது ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறிக் கிடக்கும். பிரஸ்ஸுக்கு அனுப்பும் முன் கோரலில் கன்ட்ரோல் கியூ அடித்து எழுத்தையெல்லாம் கர்வ்ஸ் (வெறும் கோட்டு வடிவம்) ஆக்கிவிடுவது இதற்காகத்தான். கர்வ்ஸ் ஆக்கியபின் எழுத்துப் பிழை திருத்த முடியாது, ஆகவே ஆக்குவதற்கு முன் ஒரு காப்பி தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மணமகள் பெயரில் ஒற்று விட்டுப்போனது இரவு பத்து மணிக்குத்தான் யார் கண்ணிலாவது படும்.

அடுத்தது கடல் நீலம். நம் ஊர் பேனரில் பாதிக்கு மேல் பின்னணியில் பாம்பன் பாலமும் கடலும் இருக்கும். திரையில் பளிச்சென்று இருக்கும் அந்த நீலம் ஃப்ளெக்ஸில் கத்தரிப்பூ நிறத்தில் வந்து நிற்கும். மெஷின் சரியில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவார்கள். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, மெஷின் நாலு மையை (சயான் என்ற நீலம், மெஜந்தா என்ற சிவப்பு, மஞ்சள், கறுப்பு) வைத்துக் காட்டுகிறது. திரையில் தெரிகிற நீலம் எல்லாம் மையில் வராது. சயானும் மெஜந்தாவும் ஏறக்குறைய சமமாகப் போனால் ஊதா தட்டும். ஃபைலை இந்த நாலு மைக் கணக்கான சிஎம்ஒய்கே-வுக்கு மாற்றிவிட்டு இன்ஃபோ பேனலில் கடல் மேல் கர்சரை வைத்துப் பாருங்கள். மெஜந்தா, சயானைவிட முப்பது புள்ளியாவது கீழே இருக்கட்டும். இதைச் சொல்லிக்கொடுத்தது பெயிண்டர் அண்ணன். கம்ப்யூட்டர் தொட்டது வயதான பிறகுதான், ஆனால் நீலத்தில் சிவப்பு எவ்வளவு கலந்தால் கெடும் என்று டப்பாவில் கலக்கிக் கலக்கிக் கையில் இருந்த கணக்கு அது.

புதிதாக வருகிற எல்லோரும் கேட்பது ரெசல்யூஷன், அதாவது ஒரு அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் (புள்ளி) என்பது. பத்துக்கு எட்டு அடி பேனரை 300-இல் போட்டால் அகலம் மட்டும் 36,000 பிக்சல். போட்டோஷாப்பின் பிஎஸ்டி ஃபைல் 30,000 பிக்சலுக்கு மேல் ஏற்காது, சேவ்கூட ஆகாது. ரோட்டில் நின்று பார்க்கிற பேனருக்கு 72 தாராளம், 8,640-க்கு 6,912-இல் வேலை முடிந்துவிடும். கையில் வைத்துப் பார்க்கிற கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டுக்குத்தான் 300.

கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மட்டும் தனி வித்தை. துக்க வீட்டிலிருந்து வாட்ஸ்அப்பில் வரும் குரூப் போட்டோவில் தலை தபால்தலை அளவுதான் இருக்கும், ஒரு மணி நேரத்தில் கேட்பார்கள். ஸ்டூடியோ காக்கா முகத்தை வழவழவென்று ஆக்க விடமாட்டார். 'சுருக்கத்தை எடுத்தா வீட்டுக்காரங்களுக்கே அடையாளம் தெரியாதுப்பா' என்பார். முதலில் போட்டோஷாப்பின் கர்வ்ஸில் (வெளிச்சம் கூட்டிக் குறைக்கும் கருவி, கோரல் கர்வ்ஸ் வேறு) நிழலைத் தூக்கி, பிறகு கொஞ்சம் பெரிதாக்கி, கடைசியில் படம் முழுவதும் லேசாக நாய்ஸ் (பொடிப் புள்ளி) தூவுவார். மங்கல் மறைந்து பழைய பிரிண்ட் மாதிரி ஆகிவிடும். கண்ணுக்கு மட்டும் ஷார்ப்பன்.

மென்பொருள் வாங்கக் காசு இல்லை என்றால் போட்டோஷாப்புக்குப் பதில் கிம்ப், கோரலுக்குப் பதில் இங்க்ஸ்கேப், இரண்டும் இலவசம், தமிழும் உடையாமல் வரும். கிராக் (திருட்டுப் பதிப்பு) போட்டுக் கற்றவர்களைக் குறை சொல்லும் தகுதி நம் ஊரில் யாருக்கும் இருக்காது. ஆனால் வைரஸ் புகுந்து மொத்த டிஸ்க்கும் போவதையும் பார்த்தாயிற்று. பயிற்சிக்கு இலவசம், வேலை கிடைத்தபின் வாங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வருமானம் வரும் வேலை பேனரில் இல்லை, லேபிளில் இருக்கிறது என்பது என் கருத்து. கருவாடு, கருப்பட்டி, 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய முண்டு மிளகாய் என்று பாக்கெட் போடுபவர்கள் இங்கே பெருகிவிட்டார்கள். கருவாட்டு லேபிளில் பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் (அசைவக் குறி) வர வேண்டும், உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் வர வேண்டும். இது தெரிந்த டிசைனரை மறுபடியும் தேடி வருவார்கள்.

குழுவுக்கு ஆள் எங்கே கிடைப்பார்கள் என்றால், ஃப்ளெக்ஸ் பேனரின் கீழ் மூலையில் கடைப் பெயரும் நம்பரும் சின்னதாக இருக்கும். உங்கள் கண்ணுக்குப் பிடித்த பேனராகப் பார்த்து அந்த நம்பருக்குப் போன் போடுங்கள். 'கத்துக்குடுங்க அண்ணே' என்று கேட்காமல், செய்த ஃபைல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு 'இதுல எங்க தப்புன்னு பாருங்கண்ணே' என்று கேளுங்கள். தை, வைகாசி, ஆவணி முகூர்த்த நேரத்தில் மட்டும் போகாதீர்கள், நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். ஆடி மாதம் போனால் டீ வாங்கிக் கொடுத்தே பேசுவார்கள்.