ஜப்பான்காரன் வந்திருந்தால்?

கேள்வி: 1942-இல் ஜப்பான் படை சென்னையில் இறங்கியிருந்தால் வெள்ளைக்காரன் அன்றைக்கே மூட்டை கட்டியிருப்பான், ஐந்து வருஷம் முன்னாலேயே நமக்கு விடுதலை கிடைத்திருக்கும் என்று என் தாத்தா சொல்வார். சரிதானே? (வாசகர், காரைக்குடி)

பதில்: சரியில்லை. ஆனால் தாத்தாவைக் குறை சொல்ல மாட்டேன். அந்த வருஷம் ஏப்ரலில் சென்னையில் இருந்த யாரைக் கேட்டாலும் ஜப்பான்காரன் நாளைக்கே வந்துவிடுவான் என்றுதான் சொல்லியிருப்பார்கள். பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தது, மார்ச் 8-இல் ரங்கூன், 23-இல் அந்தமான். ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலையில் கொழும்பில் குண்டு, மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும். அரசாங்கமே ஊரைக் காலி செய்யச் சொல்லி, அலுவலகங்களை வெளியூர்களுக்கு மாற்றி, குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் தெருவுக்கு வந்துவிடுமே என்று சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் இருந்த மிருகக்காட்சிசாலையில் சிங்கம், புலிகளைச் சுட்டுக் கொன்றது. இதையெல்லாம் பார்த்தவர் மனதில் அந்த நினைப்பு ஆயுசுக்கும் நிற்கத்தான் செய்யும்.

டோக்கியோவில் நடந்தது வேறு. கடற்படையில் சிலர் ஆஸ்திரேலியாவில் இறங்கலாம் என்றார்கள், கூட்டுக் கடற்படைத் தளபதி யமமோட்டோவின் ஆட்கள் இலங்கையைப் பிடிக்கலாம் என்றார்கள். இரண்டுக்கும் ஆள் தர முடியாது என்று தரைப்படை கையை விரித்துவிட்டது. ஆஸ்திரேலியாவுக்கு மட்டும் பத்து டிவிஷனுக்கு மேல் வேண்டும், அவ்வளவு பேரை ஏற்றக் கப்பலும் இல்லை. படையில் பெரும்பகுதி 1937 முதல் சீனாவில் மாட்டிக்கொண்டு கிடந்தது, இன்னொரு பகுதி மஞ்சூரியாவில் ரஷ்யாவுக்குக் காவல். 1941-இல் அமெரிக்கா எண்ணெயை நிறுத்தியதும் அவர்களுக்கு அவசரமாகத் தேவைப்பட்டது சுமத்ரா, போர்னியோ எண்ணெயும் மலாயா ரப்பரும் தகரமும். அவை கைக்கு வந்த பிறகு வங்காள விரிகுடாவில் பிரிட்டிஷ் கப்பல் தலைகாட்டக் கூடாது, அவ்வளவுதான். அதனால்தான் ஜப்பான் கடற்படைத் தளபதி நகுமோவின் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களும் கொழும்பையும் திருகோணமலையையும் அடித்து, மட்டக்களப்புக்குப் பக்கத்தில் ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்துவிட்டுத் திரும்பிப் போயின. கரையிறங்கப் படை எதுவும் கூட வரவில்லை. இரண்டே மாதத்தில் அந்த ஐந்தில் மூன்று, பசிபிக்கில் அமெரிக்காவோடு நடந்த மிட்வே சண்டையில் கடலுக்கடியில் போய்விட்டன.

சரி, வந்தே இருந்தால்? அதற்குக் கற்பனை எதற்கு, வந்த இடங்கள்தான் இருக்கின்றனவே. 1943 டிசம்பர் கடைசியில் நேதாஜி போர்ட் பிளேரில் கொடியேற்றினார். சரியாக ஒரு மாதம் கழித்து, 1944 ஜனவரி 30-இல், அதே தீவில் ஹம்ஃப்ரிகஞ்ச் என்ற இடத்தில் உளவாளிகள் என்று சொல்லி 44 இந்தியர்களை ஜப்பானியர்கள் சுட்டுக் கொன்றார்கள். சுடப்பட்டவர்களில் பலர், ஜப்பான் ஆதரவோடு நடந்த விடுதலை அமைப்பான இந்திய சுதந்திர லீக்கைச் சேர்ந்தவர்கள்! அங்கே லீக்குக்குத் தலைவராக இருந்த டாக்டர் திவான் சிங் அதற்கு இரண்டு வாரம் முன்பு செல்லுலார் சிறையில் சித்திரவதையில் செத்துப்போனார். மலாயாவிலிருந்து நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) சேர்ந்த நம் தோட்டத் தொழிலாளர்களை, அதில் பெண்களும் உண்டு, நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அவர்கள் விரும்பியது விடுதலை. ஜப்பான் தளபதிகள் விரும்பியது அது அல்ல.

வெள்ளைக்காரனுக்கு வக்காலத்து வாங்கவில்லை. 1941 டிசம்பரில் பினாங்கை விட்டு ஓடும்போது தன் இனத்து ஆட்களை மட்டும் ஏற்றிக்கொண்டு போனவன் அவன்.

நீங்கள் காரைக்குடி என்பதால் இதையும் சொல்கிறேன். மலாயாவில் ஜப்பான் அடித்துவிட்ட பத்து டாலர் நோட்டில் வாழைமரம் போட்டிருக்கும், பல நோட்டுகளில் வரிசை எண்கூடக் கிடையாது. செட்டியார்களிடம் நல்ல டாலரில் கடன் வாங்கியவர்கள் அந்த நோட்டில் கடனை அடைத்தார்கள். 1945-இல் அது வெறும் காகிதமாகிவிட்டது. வட்டிக்கடை வைத்திருந்த குடும்பம் உங்கள் தெருவிலேயே இருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

பணம் போனால் போகிறது, அப்புறம் சம்பாதிக்கலாம். சயாம் மரண ரயிலுக்குப் போனவர்களை என்ன செய்வது? தாய்லாந்திலிருந்து பர்மாவுக்குக் காட்டை வெட்டி 415 கிலோமீட்டர் தண்டவாளம். கொஞ்ச நாள் வேலை, கூலி உண்டு, சாப்பாடு உண்டு என்று ஆசை காட்டியும், மசியாதவர்களைப் பிடித்துக்கொண்டு போயும், ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழர்களைச் சரக்கு வண்டிகளில் அடைத்து அனுப்பினார்கள். 1943 மழைக்காலத்தில் காலரா வந்தது. போர்க்கைதிகளான வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்காவது கூடவே சிறைப்பட்ட சொந்த டாக்டர்கள் இருந்தார்கள், செத்தவன் பெயரை எழுதிவைக்க ஓர் அதிகாரி இருந்தார். இன்றைக்கும் காஞ்சனபுரியில் அவர்களுக்குக் கிட்டத்தட்ட ஏழாயிரம் கல்லறைகள், பெரும்பாலும் பெயரோடு. நம் ஆட்களுக்குக் குழியில் மண்ணைத் தள்ளியதோடு சரி. தமிழர், மலாய்க்காரர், ஜாவாக்காரர், பர்மியர் எல்லோருமாகச் சேர்த்து 90,000 பேர் வரை செத்திருப்பார்கள் என்பது ஒரு மதிப்பீடு, அதற்கு மேலே சொல்பவர்களும் உண்டு. பெயர்ப் பட்டியல் இல்லை.