பீல்டு டெஸ்டில் முக்கால்வாசி கறுப்பு: இனியும் எடுக்க வேண்டுமா?

காரைக்குடியில் இருக்கும் அப்பத்தாவுக்குக் கிளாக்கோமா (கண் நரம்பைப் பாதித்துப் பார்வையைக் குறுக்கும் நோய்) முற்றிவிட்டது, பீல்டு டெஸ்ட் தாளில் பெரும்பகுதி கறுப்பு, இனி எதற்கு அலைய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வைத்து, கண் எவ்வளவு பரப்பைப் பார்க்கிறது என்று அளப்பதுதான் பீல்டு டெஸ்ட்; தாளில் கறுப்பு என்றால் அந்த இடத்தில் பார்வை மிகக் குறைவு. தயவுசெய்து நிறுத்தாதீர்கள். மிச்சமிருக்கும் பார்வையைக் காப்பாற்றத்தான் இப்போது டெஸ்ட்.

நம் ஊர் வீட்டு முகப்பில் நின்று நேரே பார்த்தால், வரிசையான நிலைகளைத் தாண்டிப் பின்கட்டு வரை தெரியும். பக்கத்து அறைகள் தெரியாது. அப்பத்தாவின் பார்வை கிட்டத்தட்ட அப்படித்தான். என் ஆயாவும் கோலப்பொடி டப்பாவைத் தெளிவாகப் பார்ப்பார், காலடியில் இருக்கும் படியில் தடுக்குவார்.

வழக்கமாக எடுக்கும் 24-2 என்ற வகை பீல்டு டெஸ்டில் ஒளிப்புள்ளிகள் 6 டிகிரி இடைவெளியில் இருக்கும். நடுவில் மிஞ்சிய சின்ன வட்டத்துக்கு அது போதாது. டாக்டரிடம் 10-2 என்ற வகை பற்றிக் கேளுங்கள்: நடுப்பகுதியில் மட்டும் 68 புள்ளிகள், 2 டிகிரி இடைவெளி. அதுவும் சரிவராவிட்டால், ஒளிப்புள்ளியை மூன்றாம் அளவிலிருந்து ஐந்தாம் அளவுக்கு மாற்றலாம். பரப்பு 16 மடங்கு பெரிது. அளவை மாற்றினால் பழைய தாளோடு நேரடியாக ஒப்பிட முடியாது, புதிதாகக் கணக்குத் தொடங்க வேண்டும்.

அப்புறம், அப்பத்தாவிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள்: நல்ல கண்ணுக்கும் பல ஒளிகள் தெரியாது, மெஷின் வேண்டுமென்றே மங்கலாக்கிக்கொண்டே போகும். பயப்பட வேண்டாம், கண் சிமிட்டலாம். களைத்தால் பொத்தானை அழுத்திப் பிடித்தால் டெஸ்ட் நிற்கும். ஒரு தாள் மோசமாக வந்தால் உடனே கலங்காமல், இன்னொரு நாள் திரும்ப எடுக்கச் சொல்லுங்கள்.