கேள்வி–பதில்: கிராஃபிக்ஸ் எப்போது நம்ப வைக்கிறது?

கேள்வி: பெரும் பொருட்செலவில் எடுக்கப்படும் படங்களில்கூட சில கிராஃபிக்ஸ் காட்சிகள் வீடியோ கேம் பார்ப்பது போலவே இருக்கின்றன. சிறிய முதலீட்டில் வந்த சில படங்களோ நம்மை முழுமையாக நம்ப வைத்துவிடுகின்றன. பணம் கூடினால் தரமும் கூட வேண்டும் அல்லவா?

பதில்: கூட வேண்டும் என்பதே நியாயம். ஆனால் ஒரு ஷாட்டின் தரம் படத்தின் மொத்தச் செலவைப் பொறுத்ததன்று. அந்த ஒரு ஷாட்டுக்கு எத்தனை நாட்கள் கிடைத்தன, அதில் என்ன இருக்க வேண்டும் என்பதை இயக்குநர் எப்போது முடிவு செய்தார் என்பவற்றைப் பொறுத்தே அது அமைகிறது. பெரிய படமொன்றில் 2,000 ஷாட்டுகளுக்கு மேல் வி.எஃப்.எக்ஸ். (விஷுவல் எஃபெக்ட்ஸ், அதாவது கணினியால் காட்சியை உருவாக்குவது அல்லது மாற்றுவது) வேலை இருப்பது இன்று அரிதன்று. ஒரே நிறுவனம் அத்தனையையும் செய்து முடிக்க இயலாதென்பதால் வேலை பல நிறுவனங்களுக்குப் பிரித்துத் தரப்படுகிறது. வெளியீட்டுத் தேதி முன்பே அறிவிக்கப்பட்டுவிடும். உச்சக்கட்டக் காட்சியின் திரைக்கதையோ கடைசி மாதம் வரை மாறிக்கொண்டிருக்கும். பகலில் நடந்த சண்டையை இரவுக்கு மாற்ற வேண்டும் என்று ஒரு வரியில் வரும் உத்தரவு, ஏற்கெனவே முடிந்துபோன பல வார ஒளியமைப்பு வேலையைக் குப்பையில் போடுகிறது. வேலை பெரும்பாலும் மொத்தத் தொகைக்குப் பேசி எடுக்கப்படுவதால், மாற்றங்களின் சுமை முழுவதும் கணினியின் முன் அமர்ந்திருக்கும் கலைஞர்கள்மேல் விழுகிறது. 'லைஃப் ஆஃப் பை' படத்தின் வேலைக்காக 2013 பிப்ரவரியில் ஆஸ்கர் பெற்ற ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனம், அதே மாதத்தில், விருது விழாவுக்கு முன்பே, திவால் மனு தாக்கல் செய்திருந்தது என்பதை நான் இன்றுவரை வேதனையுடனேயே நினைத்துப் பார்க்கிறேன்.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு 2023-இல் வந்த 'காட்ஜில்லா மைனஸ் ஒன்'. அதில் 610 வி.எஃப்.எக்ஸ். ஷாட்டுகள், அவற்றைச் செய்தவர்கள் ஏறத்தாழ 35 பேர். இயக்குநர் தகாஷி யமசாகியே வி.எஃப்.எக்ஸ். மேற்பார்வையாளராகவும் இருந்ததால், ஓர் ஷாட்டைப் பார்த்து அது சரியா தவறா என்று சொல்ல வேண்டியவர் கலைஞர்களின் அருகிலேயே இருந்தார். பெரிய ஹாலிவுட் படங்களில் அந்த ஒப்புதல் மேற்பார்வையாளர், தயாரிப்பாளர், இயக்குநர், படநிறுவனம் என்று பல மேசைகளைத் தாண்டி வர வேண்டும். ஒவ்வொரு மேசையிலும் ஒரு புதிய திருத்தம் சேரும். அந்தப் படம் 2024-இல் ஆஸ்கர் விருதும் பெற்றது.

கேள்வி: 1993-இல் வந்த 'ஜுராசிக் பார்க்' படத்தின் டைனோசர்கள் இன்றும் உயிருள்ளவையாகத் தெரிகின்றன. பின்னால் வந்த படங்களில் கணினிகள் எத்தனையோ மடங்கு வலுவாக இருந்தும் அந்த உணர்வு வரவில்லையே, ஏன்?

பதில்: அந்தப் படம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம் ஓடுகிறது. அதில் டைனோசர்கள் திரையில் தெரிவது சுமார் 15 நிமிடங்கள் மட்டுமே. முழுக்கக் கணினியில் உருவாக்கப்பட்டவை அதிலும் பாதிக்குக் குறைவு. மீதியில் நீங்கள் பார்ப்பவை ஸ்டான் வின்ஸ்டன் குழுவினர் கட்டிய இயந்திர உருவங்கள். இங்கு கவனிக்க வேண்டியது, இயந்திர உருவமும் கணினி உருவமும் ஒரே காட்சியில் மாறி மாறி வந்தன என்பதாகும். மழையில் நனைந்த தோல் அந்த விளக்கொளியில் எப்படி மின்னும் என்பதைக் கணினிக் கலைஞர்கள் கற்பனையால் நிரப்ப வேண்டியிருக்கவில்லை. படப்பிடிப்பில் எடுத்த அடுத்த ஷாட்டிலேயே விடை இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க ஓர் உண்மைப் பொருள் இல்லாத இடத்தில் கலைஞர்கள் எவ்வளவு திறமைசாலிகளாக இருந்தாலும் ஊகத்தின் மேல்தான் ஒளியைக் கட்ட வேண்டியிருக்கும்.

கேமராவையும் கவனியுங்கள். அந்தப் படத்தின் கேமரா, அங்கே ஒரு மனிதன் நின்று எடுத்தால் எங்கே நிற்பானோ அங்கேயே நிற்கிறது. பின்னாட்களில் வந்த பல படங்களில் கேமரா கட்டடத்தின் உச்சியிலிருந்து பாய்ந்து, பறக்கும் நாயகனின் கைக்கு அடியில் புகுந்து, நெருப்புக்குள் நுழைந்து வெளியே வருகிறது. அந்தக் காட்சியில் எல்லாம் கணினியில் சரியாக ரெண்டர் செய்யப்பட்டு (முழுப் படமாக உருவாக்கப்பட்டு) இருந்தாலும், இப்படி எந்தக் கேமராவாலும் எடுக்க இயலாது என்று நம் கண் அந்தக் கணத்திலேயே முடிவு செய்துவிடுகிறது. என் பார்வையில், உருவத்தைவிட கேமராவே அதிகமான காட்சிகளைக் காட்டிக்கொடுக்கிறது.

கேள்வி: பிரமாண்ட உருவங்கள் நடக்கும்போது சில படங்களில் கனமே தெரிவதில்லை. இதற்கு ஏதேனும் கணக்கு உண்டா? மினியேச்சர் (சிறிய அளவில் கட்டிய மாதிரி) வைத்து எடுத்தால் இந்தக் குறை நீங்குமா?

பதில்: கணக்கு உண்டு, அது அழகான கணக்கு. காற்றின் தடையை ஒதுக்கிவிட்டால், 5 மீட்டர் உயரத்திலிருந்து விழும் கல் தரையைத் தொட ஏறத்தாழ 1 விநாடி ஆகும். 80 மீட்டரிலிருந்து விழும் கல்லுக்கு ஏறத்தாழ 4 விநாடிகள் ஆகும். உயரம் 16 மடங்கானால் நேரம் 4 மடங்காகிறது. அதாவது, நேரம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுகிறது. நம் கண்ணுக்கு இந்தச் சூத்திரம் தெரியாது. ஆனால் பிறந்தது முதல் பொருள்கள் விழுவதைப் பார்த்துப் பழகியதால், எவ்வளவு மெதுவாக விழுகிறதோ அவ்வளவு பெரியது என்று அது தானே அளந்துகொள்கிறது. 80 மீட்டர் உயர உருவம் மனிதனின் வேகத்தில் காலைத் தூக்கி வைத்தால், அது உடனே உறை மாட்டிய மனிதனாகச் சுருங்கிவிடுகிறது. சண்டை விறுவிறுப்பாக இருக்க வேண்டும் என்ற ஆசையில் அசைவை வேகப்படுத்தும் இயக்குநர்கள், தாம் செலவு செய்து உருவாக்கிய பிரமாண்டத்தைத் தாமே குறைத்துக்கொள்கிறார்கள்.

மினியேச்சர் கலைஞர்கள் இந்தக் கணக்கைக் கணினிக் காலத்துக்கு முன்பே கையாண்டார்கள். 16-இல் ஒரு பங்கு அளவில் கட்டிய கோபுரம் சரிவதை விநாடிக்கு 96 ஃபிரேம்கள் என்று எடுத்து, வழக்கமான 24 ஃபிரேம் வேகத்தில் ஓட்டினால், அது முழு அளவுக் கோபுரம் சரியும் வேகத்தில் சரியும். உண்மையான ஒளி உண்மையான பொருளின்மேல் விழுவதால் மினியேச்சருக்கு ஒரு மதிப்பு என்றும் உண்டு. அதற்கு அடங்காதவை நீரும் நெருப்பும். கப்பலைச் சிறிதாக்கலாம், நீர்த்துளியைச் சிறிதாக்க முடியாது. அலை உடையும்போது தெறிக்கும் துளி கப்பலின் ஜன்னல் அளவுக்குத் தெரிந்தால், எந்த ஃபிரேம் வேகமும் அதைக் காப்பாற்றாது. ஆகவே கட்டடத்துக்கு மினியேச்சர், கடலுக்குக் கணினி என்று கலந்து செய்வதே பல வேளைகளில் அறிவுடைய வழி.

கேள்வி: நண்பர்கள் நால்வர் சேர்ந்து அறிவியல் புனைகதைக் குறும்படம் ஒன்றைச் செல்போனில் எடுக்கவிருக்கிறோம். வி.எஃப்.எக்ஸ். வேலையையும் நாங்களே செய்ய வேண்டும். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: முதலில் மனத்தைத் தளரவிடாதீர்கள். 2010-இல் வெளிவந்த 'மான்ஸ்டர்ஸ்' படத்தின் ஏறத்தாழ 250 வி.எஃப்.எக்ஸ். ஷாட்டுகளை இயக்குநர் கேரத் எட்வர்ட்ஸ் தம் வீட்டுக் கணினியிலேயே செய்து முடித்தார். 2025-இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரைப் பெற்ற 'ஃப்ளோ', இலவசமாகக் கிடைக்கும் பிளெண்டர் மென்பொருளில் உருவானது. கருவி இன்று யாருக்கும் தடையன்று.

படப்பிடிப்பு நாளில் சில வேலைகளைத் தவறாமல் செய்யுங்கள். நடிகர் நடித்து முடித்ததும் கேமராவை அசைக்காமல் காலி இடத்தைச் சில விநாடிகள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எதையாவது அழிக்க நேரும்போது அதன் பின்னால் என்ன இருந்தது என்பதை இந்தக் காலி ஷாட்தான் சொல்லும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் எந்த லென்ஸ், தரையிலிருந்து கேமரா எவ்வளவு உயரம், நடிகர் எவ்வளவு தூரம் என்று குறித்து வையுங்கள். சாம்பல் நிறப் பந்து ஒன்றையும் பளபளக்கும் உலோகப் பந்து ஒன்றையும் நடிகர் நின்ற இடத்தில் பிடித்து ஒரு முறை எடுங்கள். சாம்பல் பந்து, ஒளி எந்தப் பக்கத்திலிருந்து எவ்வளவு வலுவாக வருகிறது என்பதைக் காட்டும். உலோகப் பந்து, சுற்றியிருந்த அனைத்தையும் பிரதிபலித்துக் காட்டும். கணினியில் நீங்கள் உருவாக்கும் ரோபோவின்மேல் ஒளியமைக்கும் இரவில் இந்தப் பந்துகளின் அருமை புரியும்.

செல்போனுக்கென்று தனியாகச் சில எச்சரிக்கைகள் உண்டு. தானியங்கி அமைப்பில் விட்டால், வெயிலில் ஷட்டர் வேகம் விநாடியில் 1,000-இல் ஒரு பங்குக்குக்கூடப் போய்விடும். அசைவுகள் கத்தரித்தது போல வெட்டுவெட்டாக இருக்கும். 24 ஃபிரேம் படத்துக்கு 48-இல் அல்லது 50-இல் ஒரு பங்கு என்று ஷட்டரைப் பூட்டி, ஒளி மிகுந்தால் லென்ஸுக்கு முன் என்.டி. ஃபில்டர் (நிறத்தை மாற்றாமல் ஒளியை மட்டும் குறைக்கும் கண்ணாடி) மாட்டிக் குறையுங்கள். கை நடுக்கத்தைச் சரிசெய்யும் மின்னணு ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிடுங்கள். அது ஒவ்வொரு ஃபிரேமையும் தன் விருப்பத்துக்கு வளைப்பதால் பின்னர் டிராக்கிங் செய்யும்போது (கேமரா எப்படி நகர்ந்தது என்பதைக் கணினி கண்டறியும்போது) அந்த அசைவு பிடிபடாது. கிரீன் மேட் (பின்னர் வேறு பின்னணியைச் சேர்ப்பதற்கான பச்சைத் திரை) பயன்படுத்துவதானால் நடிகரை அதிலிருந்து இயன்ற அளவு தள்ளி நிறுத்துங்கள், இல்லையேல் பச்சை ஒளி தோளிலும் முடியிலும் படியும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கனம் எழுதும்போதே நிகழ்கிறது. சுமார் 1.5 கோடி டாலரில் எடுக்கப்பட்ட 'எக்ஸ் மெஷினா', தன்னைவிடப் பல மடங்கு செலவான படங்களைப் பின்தள்ளி 2016-இல் வி.எஃப்.எக்ஸ். ஆஸ்கரைப் பெற்றது. அதில் ரோபோவின் முகமும் கைகளும் நடிகையுடையவை. உடலின் சில பகுதிகள் மட்டுமே கணினியில் மாற்றப்பட்டன. பார்வையாளர் எங்கே அதிகம் பார்ப்பாரோ அங்கே உண்மையை வைத்துவிட்டு, மற்ற இடத்தில் மட்டும் மாயத்தைச் செலவிட்டிருக்கிறார்கள். உங்கள் கதையிலும் ரோபோ 40 ஷாட்டுகளில் வருமென்றால், அதை எட்டு ஷாட்டுகளாகக் குறைத்துக் கதையைத் திரும்ப எழுத முடியுமா என்று நால்வரும் அமர்ந்து பாருங்கள்.

கேள்வி: படப்பிடிப்பின்போதே பின்னணியைத் திரையிட்டுக் காட்டும் எல்.இ.டி. சுவர் வந்துவிட்டதால் கிரீன் மேட்டின் காலம் முடிந்ததா?

பதில்: முடியவில்லை. 2019-இல் வெளிவந்த 'தி மாண்டலோரியன்' தொடருக்காகச் சுமார் 20 அடி உயரமுள்ள எல்.இ.டி. சுவரை அரைவட்டத்துக்கும் அதிகமாக வளைத்துக் கட்டினார்கள். நாயகனின் உலோகக் கவசத்தில் பாலைவனமும் வானமும் தாமாகவே பிரதிபலித்ததுதான் அதன் பெரும் பயன். ஆனால் பின்னணி முழுவதும் படப்பிடிப்புக்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். முடிவெடுப்பதைத் தள்ளிப்போடும் இயக்குநருக்கு அந்தச் சுவர் உதவாது. உச்சிவெயிலின் கூர்மையான நிழலையும் அந்தச் சுவரால் மட்டும் தர இயலாது.

கேள்வி: 'எங்கள் படத்தில் கிராஃபிக்ஸே இல்லை, எல்லாம் நிஜம்' என்று விளம்பரம் செய்கிறார்களே, அதை நம்பலாமா?

பதில்: பெரும்பாலும் நம்ப வேண்டாம். நிஜக் கார்களையும் நிஜ மோதல்களையும் கொண்டாடிய 'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோட்' படத்திலும் ஏறத்தாழ 2,000 ஷாட்டுகளில் வி.எஃப்.எக்ஸ். வேலை உண்டு, பாதுகாப்புக் கயிறுகளை அழித்ததும் வானத்தை மாற்றியதும் அதில் அடங்கும். சிறப்பாகச் செய்யப்பட்டதாலேயே கண்ணில் படாமல்போன வேலையை, இல்லவே இல்லை என்று மேடையில் சொல்வது அதைச் செய்தவர்களுக்கு இழைக்கும் அநீதி.

கேள்வி: எங்கள் குறும்படத்தின் படப்பிடிப்பு முடிந்துவிட்டது, எந்தக் குறிப்பும் எடுக்கவில்லை. கணினியில் செய்த விண்கலம் ஒட்டவைத்தது போலத் தெரிகிறது. இனி எதையாவது சரிசெய்ய முடியுமா?

பதில்: கொஞ்சம் முடியும். படத்தில் உள்ள மிகக் கருமையான நிழலையும் விண்கலத்தின் மிகக் கருமையான பகுதியையும் அருகருகே வைத்து ஒப்பிடுங்கள். வெளிப்புறக் காட்சியில் தொலைவில் உள்ள எதுவும் முழுக் கருப்பாக இருப்பதில்லை, காற்றிலுள்ள தூசும் ஈரமும் அதை வெளிறச் செய்துவிடும். பெரும்பாலான 'ஒட்டவைத்த' தோற்றத்துக்கு இதுவே காரணம். அடுத்து, விண்கலத்தின் விளிம்புகளைக் கேமராவின் கூர்மைக்கு ஏற்ப மிகச் சிறிதளவு மங்கலாக்கி, மூலப்படத்தில் உள்ள அதே அளவு கிரெய்னை (படத்தில் தெரியும் நுண்புள்ளிகளை) அதன்மேலும் சேருங்கள். தரையில் நிற்கும் கலமானால் அது தரையைத் தொடும் இடத்தில் நெருக்கமான நிழலொன்று கட்டாயம் வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் ஒட்டவில்லையென்றால் ஷாட்டை இரண்டு விநாடிகளுக்கு வெட்டி, விண்கலத்தைப் பார்க்கும் நடிகரின் முகத்தை நீட்டி, இரைச்சலை அந்த முகத்தின்மேல் ஒலிக்கவிடுங்கள்.