சுற்றும் எலியும் அப்பாவின் மாத்திரையும்

அன்புள்ள ஐயா,

பார்கின்சன் நோய் பற்றிய கட்டுரையில், இடப்பக்க மூளையில் மட்டும் டோபமைன் (உடல் அசைவுக்கு வேண்டிய மூளை வேதிப்பொருள்) சுரக்கும் நரம்புகளை அழித்த எலியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஆம்ஃபிட்டமின் கொடுத்தால் இடப்பக்கமாகவும், அபோமார்ஃபின் கொடுத்தால் வலப்பக்கமாகவும் சுற்றுமாமே. சேதம் ஒன்றுதானே, திசை எப்படி மாறுகிறது? என் அப்பா எட்டு வருடமாகப் பார்கின்சனுக்கு லெவோடோபா மாத்திரை சாப்பிடுகிறார். இப்போது மாத்திரையைப் பிரிக்கும்போதெல்லாம் அந்த எலி நினைவுக்கு வந்து மனசு உறுத்துகிறது.

மாலதி, தஞ்சாவூர்

அன்புள்ள மாலதி,

மூளையின் எந்தப் பக்கத்தில் டோபமைன் வேலை அதிகமோ, அதற்கு எதிர்ப்பக்கம் எலி திரும்பும். ஆம்ஃபிட்டமின், நரம்பு முனைகளில் இருக்கும் டோபமைனை வெளியே தள்ளும் மருந்து. இடப்பக்கம் முனைகளே இல்லை. வலப்பக்கம் மட்டும் கொட்டுவதால் எலி இடப்பக்கம் சுற்றுகிறது. அபோமார்ஃபினுக்கு நரம்பு முனை தேவையில்லை. டோபமைனை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளில் அதுவே நேராகப் போய் உட்காரும். பல நாள் டோபமைன் கிடைக்காமல் காய்ந்து கிடந்த இடப்பக்கம் அதற்குள் ரொம்பவும் கூருணர்வு பெற்றிருக்கும். வலப்பக்கம் கண்டுகொள்ளாத சின்ன அளவுக்கே அது பொங்கி எழும். எலி வலப்பக்கம் சுற்றத் தொடங்கிவிடும். பட்டினி கிடந்த வயிற்றுக்கு ஒரு வாய்க் கஞ்சி போதுமே, அது மாதிரி.

1970-71இல் ஸ்டாக்ஹோமில் உர்பன் உங்கர்ஸ்டெட் இதைக் காட்டினார். எலியை அரைக்கோளக் கிண்ணம் ஒன்றில் விட்டு, அதன் உடம்பில் கட்டிய கம்பியை மேலே ஒரு கருவியோடு இணைத்தார்கள். எலி சுற்றச் சுற்றக் கருவி எண்ணிக்கொண்டே போகும். மருந்தின் வேகம் ஓர் எண்ணாகக் கைக்கு வந்தது.

ஏன் ஒரு பக்கம் மட்டும்? இரண்டு பக்கமும் அழித்த எலி சாப்பிடாது, தண்ணீர் குடிக்காது, ஊட்டாவிட்டால் செத்துப்போகும். ஒரு பக்கம் மட்டும் இழந்தது தானே தின்று வாழும். இதைச் சொன்னால் உறுத்தல் போய்விடும் என்று நான் நினைக்கவில்லை. எனக்கும் போகவில்லை.

ஆனால் ஒன்று, உங்கள் அப்பாவின் மாத்திரை இந்த எலியிடமிருந்து வந்ததல்ல. 1957இல் ஸ்வீடனில் ஆர்விட் கார்ல்சன், மூளையின் டோபமைனை வற்றவைக்கும் ரெசர்பின் கொடுத்து அசையாமல் போன முயல்களுக்கு, உடம்புக்குள் டோபமைனாக மாறும் டோபாவை ஊசியாகப் போட்டார். தொங்கிக் கிடந்த காதுகள் நிமிர்ந்தன, முயல்கள் எழுந்துகொண்டன. அந்த ரெசர்பின் நம் சர்ப்பகந்தி வேரிலிருந்து எடுத்தது. 1961இல் வியன்னாவில் பிர்க்மாயரும் ஹோர்னிகீவிச்சும் டோபாவின் ஒரு வடிவமான லெவோடோபாவைப் பார்கின்சன் நோயாளிகளுக்கே கொடுத்துவிட்டார்கள். சுற்றும் எலி வந்தது அதற்கெல்லாம் அப்புறம். ப்ரோமோகிரிப்டின் போல ஏற்பியை நேராகத் தூண்டும் மருந்துகளைச் சோதிக்கத்தான் அது பெரிதும் உதவியது.

அப்புறம், மாத்திரையை முட்டை, பருப்பு என்று கனமாகச் சாப்பிட்ட கையோடு கொடுக்கிறீர்களா? புரதமும் லெவோடோபாவும் உடம்புக்குள் ஒரே வாசலில் முட்டிக்கொள்ளும். நேரத்தை மாற்றிக் கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். அப்பாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.