உறவில்லாத வௌவாலுக்கு ரத்தம் ஊட்டுவது ஹாமில்டன் விதியை உடைக்கிறதா?

உங்கள் கட்டுரைக்காக இதைக் கேட்டு, ஹாமில்டன் விதிப்படி ஒரு கணக்கும் போட்டுக் காட்டியிருக்கிறீர்கள். விதி உடைக்கப்படவில்லை. பரிணாம உயிரியலாளர் ஹாமில்டன் 1964இல் போட்ட கணக்கு உறவினருக்குச் செய்யும் உதவிக்கானது: உறவு அளவைப் பலனோடு பெருக்கி வருவது செலவைவிட அதிகமானால் அந்த உதவி பரிணாமத்தில் நிலைக்கும். ரத்தம் குடிக்கும் வௌவால் உறவே இல்லாத இன்னொன்றுக்கும் தான் குடித்ததைக் கக்கி ஊட்டுகிறது. அங்கே உறவு அளவு பூஜ்யம் என்று போட்டதும் உங்கள் கணக்கு நின்றுவிட்டது, அவ்வளவுதான். அந்த இடத்துக்குப் பொருந்துவது உயிரியலாளர் டிரிவர்ஸ் 1971இல் சொன்ன கைமாறு உதவி: இன்று கொடுத்தது பின்னால் திரும்பி வரும்.

"அப்படியானாலும் கொடுப்பதற்கு நஷ்டம்தானே" என்று கேட்டிருக்கிறீர்கள். செலவையும் பலனையும் ஒரே அளவாக எடுத்துக்கொண்டீர்கள் என்று தோன்றுகிறது. ரத்தத்தின் அளவை விட்டுவிட்டு, உயிர் தாங்கும் மணி நேரத்தில் போட்டுப் பாருங்கள். இந்த வௌவால் மூன்று இரவு போல இரை கிடைக்காவிட்டால் செத்துவிடும். வயிறு நிறைந்ததற்கு ஒரு வாய் ரத்தம் போனால் சில மணி நேரம் குறையும். சாகக் கிடப்பதற்கோ அதே ஒரு வாய் இன்னோர் இரவு வேட்டைக்குப் போகும் வாய்ப்பு.

இந்த வௌவால்களை ஆராய்ந்த கார்ட்டர், வில்கின்சன் இருவரும் 2013இல் வெளியிட்ட ஆய்வையும் பாருங்கள். எது எதற்கு ஊட்டும் என்பதை உறவைவிட முன்பு பெற்ற உணவே நன்றாகக் காட்டியது. ஆனால் அவை கூண்டில் வளர்ந்தவை. காட்டில் உறவும் கைமாறும் கலந்தே இருக்கும்.

கட்டுரையில் இதை நேராக "ஒழுக்கம்" என்று எழுதிவிடாதீர்கள். தனக்குச் சம்பந்தமில்லாத இருவருக்கிடையே நடந்த அநியாயத்தைக் கண்டு மூன்றாவது ஆள் கோபப்படுவது மனிதரிடம் சகஜம்; ஒழுக்கம் என்பதில் அதுவும் சேரும். இந்த ஆய்வு அதைத் தொடவே இல்லை.