நாலு பூனை, ஒரு வாந்தி: எடுத்தது யார்?

இந்த முறை வந்திருக்கும் கேள்விகள் எல்லாமே ஒன்றுக்கு மேற்பட்ட பூனைகள் இருக்கும் வீடுகளிலிருந்து. ஒற்றைப் பூனை வீட்டில் என்ன நோய் என்று தேடினால் போதும். நாலு பூனை வீட்டில் அதற்கு முன்னாலேயே ஒரு வேலை இருக்கிறது: யாருக்கு நோய்? ‘காரணமே தெரியலை டாக்டர்’ என்று வருகிறவர்களில் பலருக்கு உண்மையில் தெரியாமல் இருப்பது இதுதான். ஒவ்வொரு கேள்வியும் முதலில், அதன் கீழே என் பதில்.

நாலு பூனைகள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் காலையில் கூடத்தில் வாந்தி கிடக்கிறது. மணல் தட்டில் சில நாள் இளகிய மலம். யாருடையது என்று பிடிக்கவே முடியவில்லை. நாலுக்கும் ரத்தப் பரிசோதனை செய்யப் பணமும் இல்லை.

நாலுக்கும் செய்ய வேண்டாம். முதலில் ஆளைப் பிடிப்போம். வாந்திக்குப் பக்கத்தில் நிற்கும் பூனையைச் சந்தேகிப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். என்னிடம் ஒருவர் தன் கிழப் பூனையைத் தூக்கிக்கொண்டு மூன்று தடவை வந்தார். ரத்தம், ஸ்கேன் எல்லாம் பார்த்தாயிற்று, ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் பழைய கைப்பேசி ஒன்றைக் கூடத்தில் சாய்த்து வைத்து இரவு முழுக்கப் படம் பிடித்தார். வாந்தி எடுத்தது இளைய பூனை. கிழவர் அதைத் தின்ன வந்தவர்.

வாந்திக்குக் கேமரா. மலத்துக்கு ஒரு பழைய தந்திரம் உண்டு. நச்சில்லாதது என்று அட்டையில் போட்டிருக்கும் மெழுகு வண்ணக் குச்சியைப் பொடியாகத் துருவி, ஒரு சிட்டிகை ஈர உணவில் பிசைந்து கொடுங்கள். ஒன்றுக்குச் சிவப்பு, இன்னொன்றுக்குப் பச்சை. ஒன்றிரண்டு நாளில் மலத்தில் அந்த நிறம் புள்ளி புள்ளியாகத் தெரியும். சாப்பிடும்போது கதவைச் சாத்திவிடுங்கள். ஒன்றின் கிண்ணத்தில் இன்னொன்று வாய் வைத்தால் எல்லாம் குழம்பிவிடும்.

அப்புறம் எடை. பூனையைத் தூக்கிக்கொண்டு நாம் ஏறி நிற்கும் எடை இயந்திரம் சின்ன வித்தியாசத்தைக் கோட்டைவிட்டுவிடும். கைக்குழந்தைகளை நிறுக்கும் தட்டு கிடைத்தால் நல்லது. வாரம் ஒரு நாள், நாலையும் நிறுத்து நோட்டில் எழுதுங்கள். 4 கிலோ பூனை 400 கிராம் இளைத்தால் கண்ணுக்குத் தெரியாது, ரோமம் மறைத்துவிடும். ஆனால் 60 கிலோ மனிதர் 6 கிலோ இளைத்ததற்குச் சமம் அது. எந்தப் பூனையின் எண் இறங்குகிறதோ அதைத்தான் முதலில் கொண்டுவர வேண்டும். பத்து வயதைத் தாண்டிய பூனை, நன்றாகத் தின்றுகொண்டே இளைக்கிறது என்றால் தைராய்டையும் சர்க்கரையையும் முதலில் பார்க்கச் சொல்வேன்.

வாந்தியைத் துடைப்பதற்கு முன் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்ட சில நிமிடங்களில் உணவு மெல்லாமல், குழல் வடிவில் அப்படியே வந்திருந்தால் அது பெரும்பாலும் அவசர விழுங்கல். பக்கத்தில் ஒருத்தர் முறைத்துக்கொண்டு நின்றால் யாருமே அப்படித்தான் சாப்பிடுவார்கள். கிண்ணங்களைத் தனித்தனி அறையில் வைத்ததுமே வாந்தி நின்றுபோன வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

ஐந்து வயது ஆண் பூனை. மணல் தட்டில் போய் உட்காருகிறது, எழுகிறது, மறுபடி உட்காருகிறது. சிறுநீரில் ரத்தம். ஆன்டிபயாடிக் கொடுத்தால் சரியாகிறது, இரண்டு மாதத்தில் திரும்பி வருகிறது. சோதித்ததில் கிருமியே இல்லை என்கிறார்கள்.

சிறுநீர் சொட்டாவது வருகிறதா? வரவில்லை என்றால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு உடனே கிளம்புங்கள், நள்ளிரவானாலும். ஆண் பூனைக்குச் சிறுநீர்க் குழாய் குறுகல். அது அடைத்துக்கொண்டால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி ஓரிரு நாளிலேயே இதயம் நின்றுவிடலாம்.

வருகிறது என்றால் சரி, நிதானமாகப் பேசலாம். பத்து வயதுக்குக் கீழே உள்ள பூனைகளுக்கு இப்படி வரும்போது பெரும்பாலும் கிருமி இருப்பதில்லை. சிறுநீர்ப்பையின் உட்சுவர் புண்ணாகிறது. அதற்குப் பின்னால் மன அழுத்தத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இந்த வகை வலி ஒரு வாரத்துக்குள் தானாகவே அடங்கிவிடுவது வழக்கம். மருந்தும் ஒரு வாரம்தானே கொடுக்கிறோம்? பெயரை அது தட்டிக்கொண்டு போய்விடுகிறது.

உங்கள் வீட்டில் எத்தனை மணல் தட்டு என்று எழுதவில்லை. பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக வையுங்கள். வரிசையாக ஒரே சுவரோரம் வைத்தால் பூனையின் கணக்கில் அது ஒரே தட்டுதான். வழியில் யார் படுத்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள். சண்டை, சீறல் எதுவும் இருக்காது. ஒரு பூனை நடைவழியில் காலை நீட்டிக் கிடக்கும், இன்னொன்று அதைத் தாண்டிப் போகத் துணியாமல் மணிக்கணக்கில் அடக்கிக்கொண்டிருக்கும். ‘எங்கள் வீட்டில் எல்லாம் ஒற்றுமையாக இருக்கின்றன’ என்று சொல்லும் வீடுகளில்தான் இதை அதிகம் கண்டிருக்கிறேன். இரண்டு வழி உள்ள இடத்தில் தட்டு, ஏறி உட்கார உயரமான இடங்கள், ஈர உணவு, அறைக்கொரு தண்ணீர்க் கிண்ணம் என்று மாற்றிப் பாருங்கள். வலி வரும் நாட்களில் வலிமருந்து தேவைப்படும், அதை உங்கள் மருத்துவர் தருவார்.

அந்த வலிக்கு நம் வீட்டில் இருக்கும் பாரசிட்டமாலில் கால் மாத்திரை கொடுக்கலாமா? (இது வேறொருவர் கேட்டது.)

கூடவே கூடாது. அதைச் செரித்து வெளியேற்றும் வழி பூனையின் கல்லீரலில் கிட்டத்தட்ட இல்லை. ஒரே மாத்திரை கொன்றுவிடும். ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? ஈறு பழுப்பாகும் வரை, முகம் வீங்கும் வரை காத்திருக்காதீர்கள். நஞ்சை முறிக்கும் மருந்து உண்டு, நேரம்தான் முக்கியம்.

மூன்று பூனைகளில் ஒன்று மட்டும் முதுகிலும் வாலடியிலும் சொறிந்து புண்ணாக்கிக்கொள்கிறது. தெள்ளுப்பூச்சி இல்லை, நன்றாகப் பார்த்துவிட்டேன்.

நக்கி நக்கியே பூச்சியை விழுங்கிவிடும் பிராணியிடம் பூச்சியைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? எச்சத்தைத் தேடுங்கள். நெருக்கமான பல் உள்ள சீப்பால் வாலடியில் வாரி, வரும் கருப்புத் தூளை நனைத்த வெள்ளைக் காகிதத்தில் தட்டுங்கள். வெறும் மண் என்றால் கருப்பாகவே இருக்கும். தெள்ளுப்பூச்சியின் எச்சம் என்றால் ஒவ்வொரு துகளைச் சுற்றியும் செம்பழுப்பாக ஒரு வளையம் கசியும். அது செரித்த ரத்தம்.

மூன்றையும் பூச்சி கடிக்கிறது, ஒவ்வாமை ஒன்றுக்குத்தான். அதனால் மருந்து மூன்றுக்கும் போட வேண்டும், குறைந்தது மூன்று மாதம், ஏனென்றால் கூட்டுப்புழுக்கள் தரைவிரிப்பில் காத்திருக்கும். நாய்க்கான மருந்தை மட்டும் எடுத்துப் பூசிவிடாதீர்கள். சிலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனைக்கு வலிப்பை உண்டாக்கும். தூள் எதுவும் வரவில்லை என்றால் படர்தாமரையையும் உணவு ஒவ்வாமையையும் பார்க்கலாம்.

எட்டு மாதக் குட்டி வயிறு வீங்கி, காய்ச்சல் இறங்காமல் இறந்துவிட்டது. எஃப்.ஐ.பி. என்ற வைரஸ் நோய் என்றார்கள். மற்ற மூன்றும் போய்விடுமோ என்று இரவெல்லாம் விழித்திருக்கிறேன்.

மன்னியுங்கள், நோய்களிலேயே கொடுமையான ஒன்று இது. ஆனால் நீங்கள் பயப்படும் விதத்தில் அது பரவுவது அரிது. பல பூனை உள்ள வீடுகளில் மலம் வழியாகச் சுற்றிக்கொண்டே இருக்கும் சாதாரணக் கொரோனா வைரஸ் ஒன்று உண்டு. பெரும்பாலான பூனைகளுக்கு லேசான பேதியோடு போய்விடும். ஏதோ ஒரு பூனையின் உடலுக்குள் அது உருமாறும்போதுதான் இந்த நோய். உருமாறிய வைரஸ் பொதுவாக அடுத்த பூனைக்குத் தாவுவதில்லை. 2023-இல் சைப்ரஸ் தீவில் தாவிப் பரவிய ஒரு வகை, விதிவிலக்கு. மற்ற மூன்றுக்கும் எதிர்ப்பொருள் சோதனை செய்து பயனில்லை. வைரஸைச் சந்தித்திருப்பதை மட்டும்தான் அது காட்டும், உங்கள் வீட்டில் நிச்சயம் சந்தித்திருக்கும்.

தட்டுகளைத் தினமும் அள்ளுங்கள். புதுக் குட்டியை இரண்டு மாதமாவது கொண்டுவராதீர்கள். மற்றவற்றுக்கு ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத காய்ச்சல், வயிறு உப்பல், கண்ணின் நிறமாற்றம், இளைப்பு இவற்றில் எது தெரிந்தாலும் தாமதிக்காமல் காட்டுங்கள். ஒரு காலத்தில் இந்தப் பெயரைச் சொன்னாலே முடிந்தது என்று அர்த்தம். 2019-இல் கலிபோர்னியாவில் கால்நடை மருத்துவர் நீல்ஸ் பெடர்சனின் குழு, ஜிஎஸ்-441524 என்ற மருந்தை 31 பூனைகளுக்குக் கொடுத்து 25-ஐப் பிழைக்க வைத்தது. இப்போது 84 நாள் சிகிச்சை என்பது பரவலான வழக்கம்.

எல்லாச் சோதனையும் எடுத்தாயிற்று. ‘ஒன்றுமில்லை’ என்கிறார்கள். பூனை மாதம் இரண்டு தடவை ஒருநாள் முழுக்கச் சுருண்டு படுத்துக்கொள்கிறது, பிறகு எழுந்து ஓடுகிறது. என்னால் தாங்க முடியவில்லை. பூனைகள் எல்லாவற்றையும் யாருக்காவது கொடுத்துவிடு என்கிறார்கள் வீட்டில்.

‘ஒன்றுமில்லை’ என்பதை ‘இன்றைக்குத் தேடிய இடங்களில் இல்லை’ என்று படித்துக்கொள்ளுங்கள். என் சொந்தப் பூனை ஒன்று மூன்று வருடம் இப்படித்தான் இருந்தது. பெயர் வைக்க முடியாத அந்த நோயோடு நான் பழகிக்கொண்டது, எப்போது கவலைப்படுவது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்ட பிறகுதான்.

அதே மாதிரி நீங்களும் ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். 24 மணி நேரம் வாயில் எதுவும் வைக்கவில்லை என்றால் மருத்துவரிடம் போகிறோம்; குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே கல்லீரலில் கொழுப்பு படிய ஆரம்பித்துவிடும். அசந்து தூங்கும்போது மூச்சை எண்ணினால் நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால் போகிறோம். சிறுநீர் நின்றால் போகிறோம். எடை தொடர்ந்து இரண்டு வாரம் இறங்கினால் போகிறோம். இவை எதுவும் இல்லாத நாளில் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்குங்கள்.

சுருண்டு படுக்கும் நாட்களைத் தேதியோடு குறியுங்கள், நடையைக் கைப்பேசியில் பிடியுங்கள். பூனை மருத்துவமனைக்கு வந்ததும் நடிகராகிவிடும், அங்கே எதுவும் காட்டாது. உணவு, மணல், மருந்து என மாற்றுவதாக இருந்தால் ஒன்றை மட்டும் மாற்றி மூன்று வாரம் பொறுங்கள். நீங்கள் எல்லாவற்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மாற்றிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். இனி எது உதவியது, எது கெடுத்தது என்று யாருக்குத் தெரியும்? கொடுத்துவிடும் பேச்சை ஆறு மாத நோட்டு கையில் இருக்கும்போது வைத்துக்கொள்ளலாம்.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய பூனையை மற்றவை அடையாளம் தெரியாதது போல் சீறி விரட்டுகின்றன.

உருவம் அதேதான், வாசனை வேறு. ஒருநாள் தனி அறையில் வையுங்கள். எல்லாப் பூனைகளும் படுத்த பழைய துண்டு ஒன்றால் அதன் கன்னத்தையும் முதுகையும் தடவிவிடுங்கள். அடுத்த முறை அந்தத் துண்டைக் கூண்டுக்குள் விரித்தே கொண்டுபோங்கள், துவைக்காமல்.