போன் அடிச்சாலே படபடப்பு, மூணு மணிக்கு முழிப்பு: ஒரு மேனேஜரோட கேள்விக்கு பதில்

கேள்வி: டாக்டர், சென்னை ஓஎம்ஆர்ல ஒரு ஐடி கம்பெனில டெலிவரி மேனேஜர், வயசு 41, டீம்ல 22 பேர். 2021 ஏப்ரல் கடைசில இருந்து டீம்ல ஒவ்வொருத்தர் வீடா கொரோனா பாசிட்டிவ். போன வாரம் டீம்ல ஒரு பையனோட அப்பாவுக்கு ஆஸ்பத்திரி பெட் தேடி ராத்திரி முழுக்க போன் பண்ணேன், கிடைக்கல, தவறிட்டார். அதுல இருந்து மூணு மணிக்கு முழிப்பு வந்துடுது, போன் அடிச்சா நெஞ்சு அடிச்சுக்குது. இது டிப்ரஷனா? டீமுக்கு காட்டிக்காம எப்படி சமாளிக்கறது?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதல்ல வரேன், காட்டிக்காம சமாளிக்க வேணாம். இந்த கொரோனா ரெண்டாவது அலைல பல மேனேஜர்கள் என்கிட்ட இதையேதான் கேக்கறாங்க, 22 பேர் வீட்டு பாரத்தை ஒருத்தர் தலைல சுமந்துகிட்டு மூஞ்சில ஒண்ணும் தெரியாம ஸ்டேட்டஸ் கால் எடுக்கறது யாராலயும் ரொம்ப நாள் முடியாது.

அந்த ராத்திரி அரசு மருத்துவ ஹெல்ப்லைன் 104க்கு அடிச்சு, லைன் கிடைக்காம ஒவ்வொரு ஆஸ்பத்திரியா அடிச்சு, ட்விட்டர்ல வந்த நம்பரையெல்லாம் முயற்சி பண்ணியிருப்பீங்க, ஒவ்வொரு தடவை போன் அடிச்சப்பவும் பெட் கிடைச்சிருக்குமோ இல்ல கெட்ட சேதியோனு மனசு துடிச்சிருக்கும். உடம்பு அதை அப்படியே பிடிச்சுகிச்சு, இப்ப ரிங் கேட்டாலே ஆபத்துனு நெனச்சு அட்ரினலினை கொட்டுது. அதனால இன்னிக்கே ரிங்டோனை மாத்துங்க, சின்ன விஷயம்தான் ஆனா உதவும். அடுத்து ராத்திரி அவசரத்துக்கு டீம்ல இருந்து விருப்பப்படற மூணு பேரை முறை வச்சு போடுங்க, உங்க முறை இல்லாத ராத்திரி போன் உங்களுக்கு வரவே கூடாது.

பெட் கிடைக்காதது உங்க தப்புனு மனசு சொல்லிட்டே இருக்கும். 2021 மே 21 அன்னிக்கு மட்டும் தமிழ்நாட்டுல 36,000 பேருக்கு மேல பாசிட்டிவ், அந்த நாட்கள்ல சென்னைல ஆஸ்பத்திரி வாசல்ல நோயாளிங்க ஆம்புலன்ஸுக்குள்ளயே ஆக்ஸிஜனோட மணிக்கணக்கா காத்துக்கிடந்தாங்க. நீங்க இன்னும் பத்து கால் பண்ணியிருந்தாலும் அந்த கியூ நகர்ந்திருக்காது. அந்தப் பையன்கிட்ட பேசுங்க, அவன் அழுதா கூட இருங்க, ஆனா தயவுசெஞ்சு மன்னிப்பு கேட்டு போகாதீங்க, அப்பாவை இழந்தவன் தலைல உங்களை சமாதானப்படுத்தற வேலையும் விழுந்துடும். காரியம் முடியற வரைக்கும் வேலை ரோஸ்டர்ல அவன் பேரே வேணாம்.

டீம் கால்ல ரெண்டே வரி போதும், "எனக்கும் இந்த வாரம் தூக்கம் இல்ல, காலைல 10 மணிக்கு முன்னாடி கால் வைக்க வேணாம்"னு சொல்லுங்க, அப்பதான் மத்தவங்களும் வாய் திறப்பாங்க. கிளையன்ட்டுக்கு எத்தனை பேர் வேலைல இருக்காங்க, எது தள்ளிப்போகும்னு உங்க மேல இருக்கறவரையும் சிசில வச்சு ஒரு மெயில் போடுங்க.

இப்ப டிப்ரஷனானு கேட்டீங்க. ஒரு வாரத்தை வச்சு முடிவு பண்ண முடியாது. கிட்டத்தட்ட தினமும், ரெண்டு வாரத்துக்கு மேல, மனசு இறுகியே இருக்கு, பிடிச்ச எதுலயும் ஆர்வம் இல்ல, சாப்பாடு தூக்கம் போச்சு, நான் எதுக்கும் லாயக்கில்லனு தோணுதுன்னா மனநல டாக்டரை பாருங்க, வீடியோ காலே போதும். எரிச்சலும் சலிப்பும் வேலையைப் பத்தி மட்டும்தான், வீட்டுல பசங்களோட இருந்தா சிரிக்க முடியுதுன்னா அது பெரும்பாலும் பர்ன்அவுட், அதை உலக சுகாதார நிறுவனம் 2019லயே வேலையால வர்ற பிரச்சினைனுதான் வகைப்படுத்திச்சு, வேலைச்சுமையை குறைக்காம அது சரியாகாது.

தூக்கத்துக்காக ரெண்டு பெக் போடற பழக்கம் இருந்தா நிறுத்துங்க, தூக்கம் சீக்கிரம் வரும் ஆனா பின்ராத்திரி தூக்கம் கெடும், மூணு மணி முழிப்பு அதிகமாகத்தான் செய்யும். நண்பர் குடுக்கற தூக்க மாத்திரையும் வேணாம்.

செத்துடலாமானு ஒரு தடவை தோணினாலும் ரெண்டு வாரமெல்லாம் காத்திருக்க வேணாம், அன்னிக்கே வீட்டுல சொல்லுங்க, 104க்கோ தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகா 044-24640050க்கோ கூப்பிடுங்க.

இன்னிக்கு ராத்திரி உங்க முறையை வேற ஒருத்தர்கிட்ட குடுத்துட்டு, போனை ஹால்ல வச்சுட்டு படுங்க. மூணு மணிக்கு முழிப்பு வந்தா எழுந்து தண்ணி குடிச்சுட்டு லைட் போடாம கொஞ்ச நேரம் உக்காருங்க, வாட்ஸ்அப் மட்டும் பாக்காதீங்க. ரெண்டு வாரம் கழிச்சு எப்படி இருக்குனு எனக்கு எழுதுங்க.